படுதாவுக்குப் பின்னே ஒரு பாடம்

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நம் ஊர்களில் ஓர் இலக்கணம் உண்டு. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமை ஆசிரியரின் அறிக்கை, தலைவரின் முன்னுரை, பிரமுகர் ஒருவரின் நீண்ட உபதேசம், பரிசு வழங்கல். இவ்வளவும் முடிந்து, முன் வரிசைக் குழந்தைகள் தாயார் மடியில் தூங்கிப் போன பிறகு, இரவு ஒன்பது மணி சுமாருக்கு, “அடுத்ததாக நாடகம்” என்று அறிவிப்பார்கள். நாடகம் இருபது நிமிஷம் நடக்கும். ஒலிபெருக்கி நடுநடுவே ஊளையிடும். மகாராஜா ஒரு கையால் மீசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளை உருவுவார். சபையோர் சிரிப்பார்கள். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். பரீட்சை நெருங்கிவிட்டதல்லவா?

இந்த இருபது நிமிஷத்துக்குத்தான் “பள்ளியில் நாடகம்” என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். நாடகத்தைக் கற்பது என்பது முற்றிலும் வேறு சமாசாரம். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். எழுதத் தூண்டியவர் என் மாணவி ஒருத்தியின் தகப்பனார். ஒன்பதாம் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளை நாங்கள் நாடகப் பயிற்சி நடத்துகிறோம். அவர் பள்ளிக்கு வந்து, மிகவும் மரியாதையாகவே கேட்டார்: “சார், இதிலே அவளுக்கு என்ன கிடைக்கும்? அடுத்த வருஷம் பத்தாவது. இந்த இரண்டு மணியைக் கணக்குக்குக் கொடுத்தால் ஆகாதா?”

கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி அவர் முகத்திலே இருந்தது. நாடகம் என்றால் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆகுமா என்பதே அது. நம் வீடுகளில் இந்தப் பயம் பழையது. அது ஆதாரமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ம் வருஷத்தில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். அது பாலர் நாடக சபை. நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ் பெற்ற தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. இத்தகைய சபைகளிலே பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினார்கள். பாட்டு, வசனம், நடை, தாளம், வேஷம் போடும் முறை எல்லாம் ஆசிரியரின் அருகிலிருந்தே கற்றார்கள். சீதையாகவும் வள்ளியாகவும் நின்றவர்களும் ஆண் பிள்ளைகளே. உச்சரிப்பில் ஓர் எழுத்துப் பிசகினால் பிரம்பு பேசும். இன்றைக்கும் அந்தத் தலைமுறையின் பழைய படங்களைப் பார்க்கிறபோது, ளகரமும் ழகரமும் அவர்கள் வாயில் எவ்வளவு சுத்தமாக விழுகின்றன என்று நாம் வியக்கிறோம். அந்தச் சுத்தம் சும்மா வந்ததல்ல.

அதற்குக் கொடுத்த விலை என்ன? ஊர் ஊராகப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? அம்மாவின் கைச்சாதம் ஏது? பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதுவரை ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டுமாக ஜொலித்த பையன் அன்றோடு கம்பெனிக்குப் பாரமாகி விடுவான். சிலர் தேறினார்கள். அவர்கள் பெயர்களை நாம் அறிவோம். தேறாமல் போனவர்களின் பெயர்கள் எந்த நோட்டீஸிலும் இல்லை. “கூத்தாடியாகப் போகிறாயா?” என்று நம் பாட்டிமார் அதட்டியதில் ஜாதி கர்வம் ஒரு பங்கு இருந்தது என்பது உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கலக்கமும் அதில் ஒரு பங்கு இருந்தது.

மறு பக்கத்தில் படித்தவர்கள் மேடை ஏறிய கதை ஒன்று உண்டு. பம்மல் சம்பந்த முதலியாருக்கு இளம் வயதிலே தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பாம். 1891-ம் வருஷத்தில் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு சபையார் ஆடிய நாடகங்களை அவர் பார்த்தார். நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாக இருந்தார்கள். பார்த்த வேகத்தில் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதே வருஷம் ஜூலை மாதம் சுகுண விலாஸ சபையை அவர் தோற்றுவித்தார். அப்பொழுது அவர் கல்லூரி மாணவர். பின்னால் வக்கீலாகி, நீதிபதியாகவும் இருந்து, இடைவிடாமல் நாடகங்கள் எழுதி நடித்துக்கொண்டே இருந்தார். தேசபக்தர் சத்தியமூர்த்தி அந்தச் சபையின் மேடையில் வேஷம் கட்டி நடித்தவர். சட்டசபையில் அவர் பேசினால் எதிர்க்கட்சி வரிசைகூடக் காது கொடுத்துக் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலுக்கு ஒத்திகைக் கொட்டகையும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆக, ஒரு பக்கம் பள்ளிக்கூடம் இல்லாத நாடகம். மறு பக்கம் படிப்பெல்லாம் முடித்த பிறகு, மாலை வேளைகளில் பொழுதுபோக்காக வந்த நாடகம். பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே, படிப்பின் ஒரு பகுதியாக அதை வைத்தால் என்ன என்று எண்ணியவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் ரவீந்திரநாத தாகூர். சாந்திநிகேதனத்தில் 1901-ம் வருஷம் அவர் தொடங்கிய பள்ளியின் பையன்கள் நடிப்பதற்கென்றே 1908-ல் “சாரதோத்ஸவம்” என்ற நாடகத்தை எழுதினார். பையன்கள் மட்டுமே இருந்த பள்ளி அல்லவா? ஆகவே நாடகத்தில் பெண் பாத்திரமே கிடையாது. திரைச்சீலையில் மலையும் மாளிகையும் எழுதித் தொங்கவிடுவதை அவர் விரும்பவில்லை. சபையோரின் கற்பனை செய்யவேண்டிய வேலையைப் படுதா பிடுங்கிக்கொள்கிறது என்பது 1902-லேயே அவர் எழுதிய கட்டுரையின் கருத்து. ஏழைப் பள்ளிக்கூடங்களுக்கு இதைவிட அனுகூலமான சாஸ்திரம் வேறு எது? எங்கள் பள்ளியில் காட்சி ஜோடனைக்குப் பணம் இல்லை என்று நிர்வாகத்தார் சொல்லும்போதெல்லாம் நான் தாகூரைச் சாட்சிக்கு அழைத்துக்கொள்கிறேன்!

இப்பொழுது நமக்கு மிக அருகிலுள்ள ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு “நாடகமும் அரங்கியலும்” என்று ஒரு பாடமே இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர் தரப் பரீட்சைக்கும் அதை எடுத்துப் படிக்கலாம். எழுத்துப் பரீட்சை உண்டு; செய்து காட்டும் பரீட்சையும் உண்டு. நம் தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பில் கணக்கு, பௌதிகம், வணிகவியல், வரலாறு என்று பிரிவுகள் இருக்கின்றன. நாடகம் அவற்றில் ஒன்றல்ல. இத்தனைக்கும் முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம்.

அந்தப் பாடம் அங்கே வானத்திலிருந்து குதிக்கவில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமங்களில் கூத்து ஒன்றைப் பழகி அரங்கேற்றுவதற்குப் பல மாத காலம் ஆகும். அண்ணாவியார் என்பவர் ஆசிரியர். இன்னாருக்கு இன்ன வேஷம் என்று தீர்மானித்து, அவரவருக்குரிய ஏட்டைக் கொடுப்பதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். வாரா வாரம் பழக்கம் நடக்கும். ஆட்டம் காலில் படிந்த பிறகு சதங்கை அணிகிற விழா. கடைசியில் வட்டக் களரியில் அரங்கேற்றம். சுற்றிலும் ஜனங்கள் அமர்ந்திருப்பார்கள். வடமோடி, தென்மோடி என்று ஆட்ட முறையிலேயே இரண்டு வகை. இதைப் பாடத்திட்டம் என்று ஒருவரும் அழைக்கவில்லை. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிட ஒழுங்காக ஒரு பாடத்திட்டத்தை வகுத்துவிட முடியாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கூத்தைத் தம் மாணவர்களுக்குப் பழக்கி, 1962-ல் “கர்ணன் போர்” என்ற கூத்தை மேடை ஏற்றினார். பிறகு “இராவணேசன்”, “வாலிவதை” முதலியன வந்தன. விடிய விடிய ஆடுவதைச் சுருக்கினார். வட்டக் களரியில் ஆடியதைப் படச்சட்டம் போன்ற மேடைக்குக் கொண்டுவந்தார். இதனால் கூத்து பிழைத்ததா, அல்லது அதன் உயிரில் ஒரு பாதி போயிற்றா என்று இன்றைக்கும் வாதிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டும் நடந்தது என்பேன். நாற்புறமும் ஜனங்கள் இருக்கும்போது ஆடுகிறவனுக்கு முதுகு என்பதே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ஜனங்கள் என்றதும் அவனுக்கு முதுகு முளைத்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை வகுப்பில் செய்து காட்டினால் போதும், பிள்ளைகளுக்கு அரங்கம் என்றால் என்ன என்று பாதி விளங்கிவிடும். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு ஒரு முறை, வரிசையாகப் போட்டு ஒரு முறை, அதே காட்சியை நடிக்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ம் வருஷத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1931-ல் பிறந்து 2025-ல் மறைந்த அவர், சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஏராளமான நாடகங்கள் எழுதினார். அவருடைய வழியில் பயிற்சி என்பது வசனத்தை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிப்பதில்லை, விளையாட்டில் ஆரம்பிக்கிறது. ஓடுவது, நிற்பது, மற்றவன் கண்ணைப் பார்ப்பது, ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை வைப்பது. அவர் எழுதிய “மண் சுமந்த மேனியர்” 1985-ல் மேடை ஏறியது. யுத்தம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட காலம். வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று நடித்துக் காட்டினார்கள். அந்த மண்ணில் நாடகம் பிள்ளைகளுக்கு அலங்காரமாக இருக்கவில்லை. பேசுவதற்கு மீதியிருந்த சில வழிகளில் ஒன்றாக இருந்தது.

இனி, அந்தத் தகப்பனார் கேட்டதற்கு வருகிறேன். அவளுக்கு என்ன கிடைக்கும்?

அவருடைய பெண் மேடையில் தோன்றுகிறவளே அல்ல. கூச்ச சுபாவம். நடிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆகவே நாடகப் பிரதியைக் கையில் கொடுத்து, “யார் எப்பொழுது எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்பதை எழுதிக்கொண்டு வா” என்றேன். ஒரு வாரத்தில் அவள் ஒரு கேள்வியோடு வந்தாள். “சார், இரண்டாம் காட்சியில் அண்ணன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறான். மூன்றாம் காட்சியில் அதே கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறான். நடுவிலே யார் எடுத்துக் கொடுத்தார்கள்?” நாடகத்தைப் பல முறை படித்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் திகைத்துப் போனார்கள். கடிதத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு போனதாகச் செய்தால் தங்கை அதைப் படித்திருக்க முடியாது. அவள் படிக்கவில்லையென்றால் நாலாம் காட்சியில் அவள் அழுவதற்குக் காரணமே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தைப் பின்தொடர்ந்து போய்க் கதையின் அஸ்திவாரத்தையே தொட்டுவிட்டாள் அந்தப் பெண். தமிழ்ப் பாடத்தில் “கதைப்பின்னல் என்றால் என்ன?” என்ற கேள்விக்கு இதே மாணவி நான்கு வரி நெட்டுரு போட்டு எழுதி மூன்று மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். இரண்டில் எது படிப்பு?

இன்னொரு நாள் வேறு தகராறு. கதாநாயகிக்கு வேலைக்காரி உடையிலிருந்து கல்யாணப் புடவைக்கு மாற இரண்டு நிமிஷம் தேவை. ஒரு பெண் கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் இடையிலுள்ள வசனம் நாற்பது விநாடிதான் வந்தது. மீதி எண்பது விநாடிக்கு என்ன செய்வது? படுதாவை விட்டுவிடலாம் என்றான் ஒருவன். சபையோர் இருட்டில் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்றான் இன்னொருவன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் வாசலில் நின்று பேசுவதாக ஒரு சிறு பேச்சை அவர்களே எழுதிச் சேர்த்தார்கள். எழுதிய பிறகுதான் அவர்களுக்கு நான் சொன்னேன்: பழைய கம்பெனி நாடகங்களில் பபூன் வந்து முன்படுதாவுக்கு வெளியே நின்று கோமாளித்தனம் செய்ததற்கும் இதுவே ஒரு காரணம், உள்ளே தர்பாரைக் கலைத்து வனமாக்க அவகாசம் வேண்டியிருந்தது என்று. முன்னமே சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். இப்போது மறக்க மாட்டார்கள்.

கணக்குக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாமே என்றார் அல்லவா? இருபத்திரண்டடி அகல மேடையில் ஆறடிக் கட்டில், மூன்றடிக் கதவு, எட்டுப் பேர் நிற்க இடம். இதைத் தாளில் அளவுப்படி வரைந்தவர்கள் வடிவியலையும் சற்றே தொட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த வாதத்தை நான் அதிகம் வற்புறுத்த மாட்டேன். நாடகம் கணக்குக்கு உதவும், இங்கிலீஷுக்கு உதவும், உத்தியோகப் பேட்டிக்கு உதவும் என்றெல்லாம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு அது வகுப்புக்குள் நுழைய வேண்டியதில்லை. சரித்திரத்தைக் கற்பிக்கிறவரிடம் அது பூகோளத்துக்கு எவ்வளவு உபயோகம் என்று யாரும் கேட்பதில்லையே!

பாடமாக்கி விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் எனக்குக் கவலை. நம் பரீட்சை முறைக்கு ஒரு ஜீரண சக்தி உண்டு. எதைக் கொடுத்தாலும் அதை வினா விடைப் புத்தகமாக மாற்றிவிடும். “அரங்கின் மூலகங்கள் ஐந்தினை விளக்குக” என்று கேட்டால், மேடையின்மேல் மூன்று அடி நடந்தறியாத பிள்ளையும் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் பெறலாம். செய்து காட்டும் பரீட்சை இருந்தாலும், ஒரே ஒரு வசனத்தை வருஷம் முழுவதும் நெட்டுரு போட்டுக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். இது இலங்கைக்கு மட்டும் உரிய அபாயம் அன்று. நாம் தொடங்கினால் நமக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

போட்டிகள் இருக்கின்றனவே என்பார்கள். கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலோத்ஸவம் நடக்கிறது. அதில் நாடகப் போட்டிக்குப் பெரும் மதிப்பு. நம் அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா நடத்தி வருகிறார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. மேடை என்பதையே காணாத கிராமத்துப் பிள்ளைகள் பலர் அதனால் மேடை ஏறினார்கள். ஆயினும் போட்டி ஏற்கெனவே நடிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் தேடும். வகுப்பு, தெரியாத பிள்ளைக்காக இருக்கிறது. கடிதத்தைப் பின்தொடர்ந்த என் மாணவியை எந்தப் போட்டியும் தேர்ந்தெடுத்திராது.

ஆகையால் மதிப்பெண் போட்டே தீரவேண்டுமென்றால், அரங்கேற்ற இரவுக்குப் போட வேண்டாம் என்பது என் கட்சி. ஒத்திகைக் குறிப்பேடு என்று ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கட்டும். இன்று என்ன தீர்மானித்தோம், ஏன் மாற்றினோம், யார் சொல்லி மாற்றினோம் என்று அதில் எழுதட்டும். விளக்குப் பிடித்தவன், துணி தைத்தவள், படுதா இழுத்தவன், எல்லோருக்கும் அந்த ஏடு உண்டு. இதை வினா விடைப் புத்தகமாக அச்சிட்டு விற்க எந்தப் பதிப்பாளராலும் முடியாது. செலவும் அதிகமில்லை. பெஞ்சு இல்லாத ஓர் அறை, ஒரு பெட்டி நிறையப் பழைய துணி, வாரம் இரண்டு பாடவேளை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டுமே என்றால், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகம் படித்து வெளிவரும் இளைஞர்களுக்குப் பள்ளிகளில் ஒரு நாற்காலி போட நாம்தான் இன்னும் மனம் வைக்கவில்லை.

தகப்பனாரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. மகளுடைய குறிப்பேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார். “கதவு இடப் பக்கம் இருந்தால் அம்மா உள்ளே வரும்போது தங்கையின் முகம் மறைகிறது” என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். “இது நிஜந்தானா?” என்று கேட்டார். கூடத்துக்கு அழைத்துச் சென்று, அவரையே கதவாக நிறுத்திக் காட்டினேன். அடுத்த பரீட்சையில் கணக்கு குறைந்தால் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரட்டும். இப்போதைக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவகாரம் தீராமல் இருக்கிறது. கதவை வலப் பக்கம் மாற்றினால் விளக்குக்காரனுக்குக் கம்பி எட்டவில்லையாம். திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்திருக்கிறேன்.